உடன்பாட்டை முந்திய உதவி

லுணுகலை ஊடாகச் செல்லும் ஏ5 வீதி பேராதனையில் தொடங்கி, பதுளையையும் பசறையையும் கடந்து, பிபிலைக்கு இறங்கி, மட்டக்களப்பின் செங்கலடியில் முடிகிறது. தேயிலை மலையும் போர் நடந்த சமவெளியும் ஒரே வீதியில்தான் இருக்கின்றன. இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான 2002 சமாதான முயற்சியைக் கொழும்பில் இருந்தும் கிளிநொச்சியில் இருந்தும் ஒஸ்லோவில் இருந்தும் பலர் எடைபோட்டாயிற்று. அதன் வெளிநாட்டு உதவி பற்றிய பகுதியை இந்த மலையில் நின்று பார்த்தால் தராசு சற்று வேறுபக்கம் சாய்கிறது.

அளவுகோலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு தரப்பு தளரும் நாளிலும் மறுதரப்பு உடன்படிக்கையில் நிற்பதற்கு ஒரு காரணத்தைத் தருகிறதா? உதவியிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கட்டடம் எழுந்ததா, கணக்கு சரியா என்பன அதற்குப் பின்னால் வருபவை.

2003 ஜூன் 9, 10 ஆகிய தினங்களில் டோக்கியோவில் 51 நாடுகளும் 22 சர்வதேச நிறுவனங்களும் கூடி, நான்கு ஆண்டுகளுக்கு 450 கோடி டொலருக்கு மேல் தருவதாக வாக்களித்தன. அங்கு வெளியான பிரகடனத்தை ஒரு பனுவலாக மட்டும் வாசித்தால் பாராட்டவே தோன்றும். சமாதானம் முன்னேறும் அளவுக்குத்தான் உதவி என்று அது பிணைத்தது. போர்நிறுத்தத்தை முழுமையாகப் பேணுதல், முஸ்லிம் தரப்பின் பங்கேற்பு, சிறுவர் ஆட்சேர்ப்பை நிறுத்துதல், இடம்பெயர்ந்தோருக்குத் தீர்வு, படிப்படியான படைக்குறைப்பு என்று அளவீடுகளையும் எழுதிவைத்தது. நிபந்தனையை மறைக்காமல் எழுதியது துணிச்சல். முஸ்லிம்களையும் சிறுவர்களையும் நினைவில் வைத்தது நேர்மை.

ஆனால் விடுதலைப் புலிகள் அங்கு இல்லை. ஏப்ரல் 14ஆம் திகதி வொஷிங்டனில் நடந்த ஆயத்தக் கூட்டத்துக்கு, அமெரிக்கா அவர்களைத் தடைசெய்திருந்ததால், அழைப்புப் போகவில்லை. ஒரு வாரத்தில் அவர்கள் பேச்சுவார்த்தையை இடைநிறுத்தினார்கள். இரு தரப்பையும் கட்ட வேண்டிய நிபந்தனைகள் ஒரு தரப்பின் முன்னால் மட்டும் வாசிக்கப்பட்டன. மாப்பிள்ளை வராத பந்தலில் மொய் எழுதிய கதை. புலிகளின் பிடிவாதத்தைக் குறைத்து மதிப்பிடத் தேவையில்லை. அழைப்பின்மை ஒரு சாக்காகவும் பயன்பட்டிருக்கலாம். ஆயினும் அந்தச் சாக்கைக் கையில் கொடுத்தது உதவியாளர்களின் முறைதான்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. 2002 பெப்ரவரியில் கையெழுத்தானது போர்நிறுத்தம். சமாதான உடன்படிக்கை அன்று. எகிப்தும் இஸ்ரேலும் 1979 மார்ச் 26இல் ஒப்பமிட்டபோது எந்த நிலம் எப்போது கைமாறும் என்பது முடிவாகியிருந்தது. 1982 ஏப்ரலில் சினாய் திரும்பிவந்தது. அமெரிக்காவின் பணம் ஏற்கெனவே எடுக்கப்பட்ட முடிவின் செலவைத்தான் ஏற்றது. அதுவும் குறையற்றதன்று, அது பலப்படுத்தியது பெரும்பாலும் படைகளையும் ஆட்சிகளையுமே. எனினும் ஒப்பந்தம் நின்றது. இலங்கையில் முடிவே எடுக்கப்படாத நிலையில், முடிவை எடுக்கவைக்கும் வேலையைப் பணத்திடம் ஒப்படைத்தார்கள். 2002 டிசம்பரில் ஒஸ்லோவில் பேசப்பட்ட சமஷ்டி ஆராய்ந்து பார்க்கும் இணக்கமாகவே இருந்தது.

செயற்பொறிமுறையிலும் இதே ஓட்டைதான். வடக்கு கிழக்குக்கென ஒரு நிதியம் திட்டமிடப்பட்டு, உலக வங்கி அதன் காப்பாளராகத் தெரிவானது. நிதியம் இயங்கவே இல்லை. சுனாமி உதவியைப் பகிர அரசுக்கும் புலிகளுக்கும் இடையே 2005 ஜூன் 24இல் ஒப்பமான பொதுக் கட்டமைப்பின் முக்கிய பிரிவுகளுக்கு மூன்று வாரத்தில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பணம் இருந்தது, அதை வாங்கச் சட்டப்படி ஒரு கை இல்லை. நிபந்தனையும் வெறும் எழுத்தாகவே நின்றது. பெருந்தொகை தந்த ஜப்பானும் உலக வங்கியும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் அதைப் பிடித்துநிறுத்த முன்வரவில்லை. சுனாமி நிதி வந்து மிச்சமிருந்த பிடியையும் அடித்துச் சென்றது. தன் அனுசரணை முயற்சியை வெளி ஆய்வாளர்களைக் கொண்டு மதிப்பிடச் செய்து 2011இல் வெளியிட்ட நோர்வேக்கு அந்த அளவில் ஒரு மதிப்பெண் கூட்டலாம்.

இனி எங்கள் பக்கம். சமாதானத்தின் பலன் என்று சொல்லப்பட்டது லுணுகலை இருக்கும் ஊவா மாகாணத்துக்கு எப்படி வந்தது? வடகிழக்குக்கு வாக்குறுதியாக, தெற்குக்குச் சிக்கனச் சீர்திருத்தமாக. பிபிலை தாண்டியுள்ள மொனராகலை விவசாயி தன் மானியத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டார். 2004 ஏப்ரல் தேர்தலில் ஒப்பமிட்ட அரசாங்கம் தோற்றதற்கு வாழ்க்கைச் செலவும் ஒரு காரணம். தோட்டத்து லயங்கள் இந்தக் கணக்கில் எந்தப் பத்தியிலும் இல்லை. 1977, 1983 இனக் கலவரங்களில் அடிவாங்கி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடியவர்களில் மலையகத்தவர் எத்தனையோ பேர். 2000 ஒக்டோபரில் பிந்துனுவெவயில் தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டது இதே ஊவாவில். போர் இங்கேயும் வந்தது. போரை நிறுத்தியதற்கான கூலி இங்கே வரவில்லை.

இருந்தும் அந்த ஆண்டுகளின் மிகத் திருத்தமான வேலை மலையகத்தில்தான் நடந்தது. 2003 ஒக்டோபரில் நாடாளுமன்றம் 35ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றி, 1964 ஒக்டோபர் 30 முதல் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுத்தது. அந்தத் திகதி, மலையகத்தவரை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கிட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் திகதி. ஒரு ஒப்பந்தம் பிரித்துப்போட்டவர்களை அதே நாளை வைத்தே சட்டம் எண்ணியெடுத்தது. சட்டம் வந்த பிறகே ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகரகம் உதவிக்கு வந்தது. சில நாட்கள் நடமாடும் முகாம்கள் நடந்தன, சுமார் 1,90,000 பேர் பத்திரம் பெற்றார்கள். 450 கோடியோடு ஒப்பிட்டால் சில்லறைச் செலவு. குறையும் உண்டு: தமிழ்நாட்டு முகாம்களில் இருந்த மலையகத்தவர், ‘நிரந்தரமாக’ என்ற ஒரு சொல்லால் வெளியே நின்றார்கள், திருத்தம் வர 2009 ஆனது. காணியும் வீடும் அந்தப் பத்திரத்தில் இல்லை.

என் தீர்ப்பு இது: டோக்கியோ பிரகடனம் நல்ல பனுவல், மோசமான கருவி. அது கேட்டவை நியாயமானவை. கேட்ட நேரமும் கேட்ட இடமும் தவறு. மலையகக் குடியுரிமைப் பணி குறுகிய இலக்கைக் கொண்டது, ஆனால் வரிசை சரி: அரசியல் முடிவு, சட்டம், அதன்பின் உதவி. முன்னதன் முறைக்குத் தேர்ச்சி கொடுக்க முடியாது. பின்னதற்குத் தேர்ச்சி உண்டு, மேற்தரம் இல்லை.

2008 ஜனவரியில் போர்நிறுத்தம் முறையாக முடிந்தது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. அதன் பிறகு பதுளை–செங்கலடி வீதியைச் சவூதி அபிவிருத்தி நிதியத்தின் கடனில் அகலப்படுத்தினார்கள். அந்தக் கடனுக்கு எவரும் சமாதான நிபந்தனை எழுதவில்லை.