அஸீஸை ஆக்கியவர்கள்

ஏ.எம்.ஏ. அஸீஸைப் பற்றி எங்கட மலர்களில் ஒரு கட்டுரை வருதெண்டால், அதன் முதற் பந்தியை வாசகர் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறப்பு, இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம், 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராவின் அதிபர், செனட்டர், ‘இலங்கையில் இஸ்லாம்’ எழுதியவர், 1973இல் வபாத். இவற்றில் ஒன்றும் பிழையில்லை. ஆனால் இந்தப் பட்டியலை எத்தனை தரம் வாசித்தாலும், இந்த மனிசன் எப்படி இப்படி ஆனார் என்பது மட்டும் விளங்காது. பதவிகள் அவரை ஆக்கவில்லை. ஆக்கியது ஆட்கள். அந்த ஆட்களில் சிலரை நாம் சொல்லாமலே விட்டுவிடுகிறோம்.

முதலில் பள்ளிக்கூடங்கள். ஓதப் பள்ளியில் குர்ஆன் ஓதி, முஹம்மதியாவில் எழுத்துப் படித்து, பிறகு அவர் போனது வைத்தீஸ்வர வித்தியாலயத்துக்கும் யாழ் இந்துக் கல்லூரிக்கும். எங்கட கட்டுரைகள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன, ஏதோ பஸ் மாறி ஏறினதைப் போல. ஒரு முஸ்லிம் பிள்ளைக்குத் திருத்தமான தமிழும் அந்தத் தமிழ் தன்னுடையது என்ற உரிமையுணர்வும் கிடைத்த இடங்கள் அவை. பிற்காலத்தில் அவர் தம் பிரயாண நூலொன்றுக்கு ‘தமிழ் யாத்திரை’ என்று பெயர் வைத்தார். பயணம் என்றோ சுற்றுலா என்றோ வைத்திருக்கலாம். யாத்திரை என்பது புனிதமான இடத்துக்குப் போகிறவரின் சொல். இன்னொரு நூலுக்கு ‘மிஸ்ரின் வசியம்’ என்று பெயர். எகிப்தென்று எழுதத் தெரியாமலா மிஸ்ர் என்றார்?  உம்மாமார் வாயில் வழங்கும் அறபுச் சொல்லும் வண்ணார்பண்ணைத் தமிழும் ஒரே தலைப்பில் தோளோடு தோள் நிற்கின்றன. இந்த நிலைக்கு எந்தப் பதவியும் அவரைக் கொண்டுவந்திருக்க ஏலாது.

இரண்டாவது, கல்முனை. யுத்தகால உணவு நெருக்கடியில், 1942இல், அவசரக் கச்சேரியின் பொறுப்பாளராக அங்கு போனார். நெற்செய்கைக்குக் காணி பகிர்ந்த கதையை அம்பாறைப் பக்கத்து முதியவர்கள் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அங்கே அவர் கண்ட ஆட்கள். ஒருவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். மற்றவர் காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பை. அல்லாமா இக்பாலின் கவிதைக்குள் அஸீஸை ஆழக் கூட்டிப்போனவர் இந்தக் கவிஞரே. ‘இக்பால் இதயம்’ என்று இக்பாலைத் தமிழாக்கித் தந்தவரும் இவரே. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இக்பால் கேம்பிரிஜில் படித்தவர். அஸீஸும் அதே கேம்பிரிஜுக்குப் போய் வந்தவர். ஆனாலும் இக்பால் அவர் மனதில் இறங்கியது கிழக்கிலங்கையில், ஒரு தமிழ்க் கவிஞரின் வாயால். துரைமார் ஆட்சிக்காலத்தில் ஒரு சிவில் சேவை அதிகாரி, தன் பரிபாலனத்திலுள்ள ஊர்க் கவிஞரிடம் பாடம் கேட்கிறதென்றால் சும்மாவா? எங்கட மலர்கள் இந்த இடத்தில்தான் நின்று நிதானித்திருக்க வேணும்.

‘செல்வாக்கு’ என்ற சொல்லையே நாம் சோம்பலாகக் கையாளுகிறோம். இன்னாருக்கு இன்னாரின் செல்வாக்கு இருந்தது என்று எழுதிவிட்டால் வேலை முடிந்ததாக நினைப்பு. செல்வாக்கு இருந்ததென்றால் அது ஒரு முடிவிலே, ஒரு செயலிலே தெரிய வேணும். அஸீஸிடம் அது தெரிகிறது. 1942இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி. கல்முனையில் கண்ட வறுமைக்கும் திறமைக்கும் அவர் சொன்ன பதில் அது. அடுத்தது 1956. அவர் இருந்த கட்சி ‘சிங்களம் மட்டும்’ என்று திரும்பியபோது அவர் அதை விட்டு வெளியேறினார். கட்சியோடு ஒத்துப்போனால் நல்லது என்று கணக்குப் பார்த்த முஸ்லிம் பெரியவர்கள் அப்போது குறைவில்லை. அவர்களுக்குத் தமிழ் வீட்டில் பேசும் பாஷை மட்டுந்தான். அஸீஸுக்கு அதற்கு மேலே ஏதோ ஒன்று. அந்த மேலே ஏதோ ஒன்றை அவருக்குக் கொடுத்தது யார் என்று கேட்டால் வைத்தீஸ்வராவுக்கும் இந்துக் கல்லூரிக்கும் விபுலாநந்தருக்கும் திரும்பிப் போக வேண்டியிருக்கும். நாங்கள் போக விரும்புவதில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாகப் புண் ஆறாமலிருக்கிறபடியால் அந்தத் தயக்கம் எனக்கு விளங்காமலில்லை. ஆனாலும், விளங்கிக்கொள்ளும் தயக்கத்துக்காக ஒரு மனிதரின் சரிதையை அரைவாசியாக்க உரிமை கிடையாது.

அவர் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்த கணக்கும் உண்டு. ஸாஹிராவில் அவர் அதிபராயிருந்தபோது அங்கே படித்தவர்களில் கரவெட்டியைச் சேர்ந்த ஒரு மாணவர் பிறகு பேராசிரியர் கா. சிவத்தம்பி ஆனார். முஸ்லிம் பிள்ளை இந்துக் கல்லூரியில். இந்துப் பிள்ளை முஸ்லிம் கல்லூரியில், அந்த முன்னாள் பிள்ளையின் கீழே. தமிழ்த் தரப்பு எழுத்தாளர்களும் இந்த இரண்டாம் பாதியை அடிக்கடி மறந்துபோகிறார்கள் என்பதையும் சொல்லிவைக்க வேணும். சிவத்தம்பியின் மார்க்சியத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். ஸாஹிரா அவருக்கு என்ன கொடுத்தது என்று எழுதியவர் சிலரே.

1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அஸீஸுக்கு மரணத்தின் பின் கலாநிதிப் பட்டம் வழங்கியது. பத்து வருஷம் கழித்து, 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, அவர் பிறந்த மண்ணின் முஸ்லிம்கள் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அஸீஸின் சரிதையை முழுதாக எழுத உட்காருகிறவர் இந்த இரண்டு திகதிகளையும் ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுத வேண்டியிருக்கும்.