விழுப்புண் யாருக்கு

புறத்திணை நடத்தும்போது விழுப்புண் என்ற சொல்லில் நான் நின்றுவிடுவதுண்டு. ஆண் மார்புக்கே எழுதிவைத்த நகை அது. 2004இல் ஈராக்கில் ஹெலிகாப்டர் ஓட்டி, ராக்கெட் குண்டில் இரு கால்களையும் இழந்தவர் டேமி டக்வொர்த். 2012 தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற ஜோ வால்ஷ், உண்மையான வீரர்கள் தம் சேவையைப் பற்றிப் பேசுவதில்லை என்றார். பெண்ணுக்கு அடக்கம் போதிக்க எந்தத் தேசத்திலும் ஆள் உண்டு. 2016 விவாதத்தில் செனட்டர் மார்க் கிர்க், தாய்லாந்திலிருந்து வந்தா உன் பெற்றோர் ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சேவை செய்தார்கள் என்று கேலிபேசினார். (2010இல் தன் கடற்படை விருதைப் பெருக்கிச் சொல்லி மன்னிப்புக் கேட்டவர் இவர்.) அம்மா குடியேறியவர், அப்பாவின் குடும்பம் புரட்சிக் காலம் முதல் படையில் இருக்கிறது என்று டக்வொர்த் பதில் சொன்னார். அந்தப் பதிலும் எனக்கு உறுத்துகிறது. இழந்த கால்களுக்குத் தந்தைவழிச் சான்று எதற்கு? பெற்றோர் இருவருமே தாய்லாந்துக்காரர்களாக இருந்திருந்தால் அந்தக் கேலி சரியாகிவிடுமா?