கன்னித்தீவும் ஜவ்வாது மலையும்

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில், ஜவ்வாது மலைத்தொடர் கண்ணுக்கெட்டும் தூரத்தில் நிற்கும் கணியம்பாடியில், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மாயாஜால சாகசச் சித்திரக் கதை எவ்வழியாக வந்து சேர்ந்தது என்று ஆராயப் புகுபவர் முதலில் டீக்கடை பெஞ்சில்தான் போய் உட்கார வேண்டும். கை மாறிக் கை மாறிக் கசங்கும் தினத்தந்தியில் 1960-இல் தொடங்கிய கன்னித்தீவு, பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பொதுச் சொத்து. மந்திரவாதி மூசா கையளவாகச் சுருக்கிவிட்ட லைலாவின் பழைய உருவத்தை மீட்கச் சிந்துபாத் தலைமுறை தலைமுறையாக அலைகிறான். அதன் வசீகரம் மெய்யானது. ஆயினும் நாள்தோறும் சில கட்டங்களாக அளந்து தரப்படும் கதை, காத்திருக்கும் சுகத்தைப் பழக்கியதே தவிர, ஒரு கதை தோன்றி, வளர்ந்து, முடியும் நிறைவை அளிக்கவில்லை.

1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய அம்புலிமாமா இதழில், உருவிய வாளுடன், தோளில் பிரேதம் தொங்க, மண்டை ஓடுகள் சிதறிய மயானத்தில் விக்கிரமாதித்தன் அடியெடுத்து வைக்கும், ஓவியர் சங்கரின் சித்திரத்தைக் கண்டவர் எளிதில் மறப்பதில்லை. மூலத்தில் 25 மட்டுமேயான வேதாளக் கதைகள் தீர்ந்த பின்பும், புதியன புனைந்து அந்த ராஜாவை நடக்க வைத்தார்கள். எனினும் அங்கே உரைநடையே பிரதானம். சித்திரம் அதற்குத் துணை.

சித்திரமே கதை சொல்லும் முறை ஊர்தோறும் பரவியது, 1972-இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸால். அதன் முதல் நாயகன் இரும்புக் கை மாயாவி, மின்சாரம் பாய்ந்த கணத்தில் உடல் முழுவதும் மறைந்து, எஃகுக் கரம் மட்டும் அந்தரத்தில் மிதக்கப் பகைவர் நடுவே புகுவான். பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் 1962-இல் பிறந்தவன் அவன். 1984-இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. இவற்றின் நாயகர்கள் பேசிய தமிழ் நம்முடையதாயிற்று. அவர்கள் நடமாடிய வீதிகள் நம்முடையவை ஆகவில்லை.

இக்குறையை உணர்ந்து உழைத்தவராக நான் மதிப்பது சிறுவர் எழுத்தாளர் வாண்டுமாமாவை. 1925-இல் பிறந்து 2014-இல் மறைந்த அவரும் ஓவியர் செல்லமும் படைத்த 'பலே பாலுவும் பறக்கும் டிராயரும்' என்ற தலைப்பே போதும்: கொடியில் காயும் கால்சட்டைக்கு மந்திர சக்தி வந்துவிட்டால், பிள்ளை தன் வீட்டு முற்றத்திலிருந்தே கிளம்பலாமே! கோகுலம், பூந்தளிர் இதழ்களில் அவர் வளர்த்த அந்தப் பரம்பரையைப் பெரிய நூல்களாக விரிக்க ஆளில்லாமல் போனது நமது இலக்கியத்துக்கு நேர்ந்த நஷ்டம்.

கதைக்குப் பஞ்சமா? பெருங்கற்கால மக்கள் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் ஏற்றி எழுப்பிய ஜவ்வாது மலைக் கற்திட்டைகளைக் குள்ளர்களின் வீடுகள் என்று சொல்லும் வழக்கு இருக்கிறது. அதே மலையில், காவலூரில், 1986 முதல் 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி விண்ணை ஆராய்கிறது. சாமை விளையும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊரில் ஒரு சிறுமி, பகலில் குள்ளர் வீட்டுக்குள் தவழ்ந்து நுழைந்து, இரவில் நட்சத்திர மண்டபத்தின் கதவருகே வெளிப்படுவதாகக் கற்பிக்க எந்த மந்திரவாதியைக் கடன் வாங்க வேண்டும்?

அமெரிக்காவில் ஜெஃப் ஸ்மித் 1991 முதல் 2004 வரை கறுப்பு வெள்ளையில் சிறு இதழ்களாக வரைந்து முடித்த 'போன்' என்னும் நெடுங்கதையை, 2005 முதல் ஸ்கொலாஸ்டிக் நிறுவனம் வண்ணத்தில் 9 பாகங்களாக்கிப் பள்ளிப் பிள்ளைகளிடம் சேர்த்தது. நம்மிடமோ, பழைய காமிக்ஸ்களின் மறுபதிப்புகளைத் தேடி வாங்குவோர் பெரும்பாலும் அந்நாளில் அவற்றைப் படித்து இன்று நரை கண்டவர்களே. ஓர் எழுத்தாளரையும் ஓர் ஓவியரையும் சேர்த்து அமர்த்தி, ஓராண்டுக் காலம் அவர்களுக்கு ஊதியம் தந்து, இருநூறு பக்கங்களில் கதையை முடிக்க விட்டு, மலையூர்ப் பள்ளி நூலகத்துக்குக் கட்டுபடியாகும் விலையில் அதைப் பிரசுரிக்கப் பதிப்பாளர் ஒருவர் முன்வர வேண்டும்.