நீலியின் வழக்கும் ரசிகர்களின் வாதமும்

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் தேதி வெளியான ‘லோகா’ என்னும் மலையாளப் படத்தைக் குறித்து நாஞ்சில் நாட்டு ரசிகர்கள் தேநீர்க் கடைகளில் நிகழ்த்துகிற விவாதத்துக்கு, வேறு எந்த ஊராருக்கும் இல்லாத ஓர் உரிமை உண்டு. ஏனெனில், பெங்களூரின் இரவுகளில் சந்திரா என்ற பெயரோடு உலவும் அந்த அதிசய சக்தி படைத்த நாயகி, நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டு நீலியே அல்லாமல் வேறொருத்தி அல்லள்.

அவளுடைய இரத்த வேட்கை இன்ஸ்பெக்டர் நாச்சியப்பனையும் எப்படிப் பற்றிக்கொண்டது, பற்றிய பின் அவளிடமுள்ள சுயக் கட்டுப்பாடு அவனிடம் ஏன் சிறிதும் இல்லை, தன்னை நம்புகிற இளைஞன் சன்னியிடம் உண்மையை அவள் ஏன் அவ்வளவு காலம் மறைத்தாள் என்றெல்லாம் இளைஞர்கள் கேட்கிறார்கள். இவற்றைச் சில்லறைச் சந்தேகங்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கொடை விழாவில் வில்லடிக்கும் அண்ணாவி கதையை நடத்திச் செல்லும்போது, இடத்தே பாடுகிறவர் ஆமாம் போடுவதோடு நில்லாமல், கேட்பவர் மனத்தில் எழும் ‘ஏன்’ என்ற வினாவையும் தாமே எழுப்புகிறார் அல்லவா? கதையைக் குறுக்கு விசாரணை செய்யும் வழக்கம் இந்த மண்ணில் வில்லோடும் குடத்தோடும் கூடவே வளர்ந்தது.

பெரியவர்களின் ஆட்சேபம் வேறு. வில்லுப்பாட்டின் நீலி, முற்பிறவியில் நகைகளுக்காகக் காட்டில் கொல்லப்பட்ட தாசி குலப் பெண். மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அந்தக் கொலைகாரனைத் தேடிப் பழி வாங்குகிறவள். படத்து நீலியோ, கோயிலுக்குள் நுழைந்த குற்றத்துக்காக அரசனின் சேனையால் குலத்தாரை இழந்த காட்டுவாசிச் சிறுமி. பூர்வ கதையையே மாற்றலாமா என்று அவர்கள் வருந்துகிறார்கள். மாற்றலாம் என்பதே என் அபிப்பிராயம். 1926இல் சுசீந்திரத்தில் கோயில் தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்த இந்த நாட்டில், 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை எத்தனையோ பேர் சந்நிதியைக் கண்ணால் காணாமலே மாண்டுபோன இந்த நாட்டில், கோயில் வாசலில் மறுக்கப்பட்ட சிறுமி யட்சியாக எழுந்தாள் என்று சொல்வது அந்நியச் சரக்கு ஆகாது. அதுவுமன்றி, பூர்வ கதையை மாற்றுவது நம்முடைய பழைய வழக்கம்: முத்துப்பட்டன் கதையில் அந்தப் பிராமணன் மணந்த சக்கிலியப் பெண்கள் இருவரும் பிறப்பால் பிராமணப் பெண்களே என்று பிற்காலத்தார் சேர்த்துப் பாடியதை ஆய்வாளர் நா. வானமாமலை சுட்டிக்காட்டவில்லையா? அந்த மாற்றம் கதையின் நெஞ்சைக் கொன்றது. இந்த மாற்றம் நீலிக்கு ஒரு புதிய நியாயத்தைத் தந்திருக்கிறது. மலையாள மரபில் அவளை அடக்கியவராகச் சொல்லப்படும் கடமற்றத்துக் கத்தனார் என்னும் பாதிரியாரை இங்கே அவளுக்கு வழிகாட்டியாக ஆக்கியதும் அவ்வகையில் பாராட்டத்தக்கதே.

நடிப்பைப் பொறுத்தவரை, கல்யாணி பிரியதர்ஷன் அசைவைச் சிக்கனமாகச் செலவிடுகிறார். அடிக்கும் முன் அவரிடம் தோன்றும் அந்த நிச்சலனம், நூற்றாண்டுகள் கடந்த உயிரின் களைப்பை வசனமின்றியே உணர்த்துகிறது. நாச்சியப்பனாக வரும் சாண்டியோ நடன ஆசிரியர். கண்ணை மூடிக்கொண்டு தாளம் கேட்பவரைப் போல அவர் நடக்கிற நடையிலேயே குரூரம் தெரிகிறது.

ஆனால் இளைஞர்களும் பெரியவர்களும் ஒருசேரக் காணாத குறை ஒன்று என்னை உறுத்துகிறது. பழைய கதையில் நீலி வெல்வது கையால் அன்று, வாயால். கள்ளிக் கிளையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி வந்து, இவன் என் கணவன், என்னைக் கைவிட்டு ஓடுகிறான் என்று ஊர்ச்சபையில் அவள் முறையிடுகிறாள். குழந்தை அந்த வணிகனை அப்பா என்று அழைக்கிறது. அவன் உயிருக்குக் காவலாக வைத்திருந்த வாளைத் தன் பயத்தைக் காரணம் காட்டியே அவள் வாங்கி வைக்கச் செய்கிறாள். இதே கதையின் பழையனூர் மரபில் எழுபது வேளாளர் அவனுக்குப் பிணை நின்று, மறுநாள் அவன் பிணமாகக் கிடந்தபோது சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். பொய்யால் ஒரு மெய்யான வழக்கை வென்று, நல்லவர்களையும் அழித்துவிடுகிற அந்தப் பயங்கரமான வாக்குவன்மை படத்து நீலிக்கு அருளப்படவில்லை. சன்னியிடம் அவள் ஏன் சொல்லவில்லை என்று இளைஞர் கேட்பதன் வேரும் இங்கேதான் இருக்கிறது: எழுத்தாளர்கள் அவளுக்குப் பாயும் பலத்தையும் பிளக்கும் பலத்தையும் தாராளமாகக் கொடுத்துவிட்டு, பேசும் சந்தர்ப்பத்தை மட்டும் கொடுக்காமல் விட்டார்கள். ஊரையெல்லாம் பேசியே வென்றவள் மௌனியாக்கப்பட்டாள்.

படத்தின் அடுத்த பாகம் சாத்தன் என்னும் பாத்திரத்தைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறார்கள். அதில் நீலி ஒருமுறை வந்து போனாலும் போதும். அப்போது அவள் கையை ஓங்கும் முன், நாலு பேர் கூடிய சபையின் நடுவே நின்று, தன் குலத்தாரைக் கொன்றவனின் பெயரைச் சொல்லி வழக்குரைக்கக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.