செவிக்கென்று ஓர் ஆட்டம்

'வீடியோ விளையாட்டு' என்னும் பெயரிலேயே கண்ணுக்கு முதலிடம் கொடுத்தாகிவிட்டது. திரையில் தோன்றுவதைக் கண்டு கை இயங்க வேண்டும்; காண இயலாதவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இது அத்துறையின் எழுதாத சட்டம். அச்சட்டத்தை மீறி, கதையைக் காட்சியாகத் திரையில் காட்டாத ஓர் ஆட்டம் 1997ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜப்பானில் வெளிவந்தது. 'ரியல் சவுண்ட்: கஸே நோ ரிகிரெட்டோ' என்பது அதன் பெயர். பின்பகுதியைக் 'காற்றின் கழிவிரக்கம்' என்று தமிழில் சொல்லலாம். ஜப்பானிய மொழியில் அமைந்து, அந்நாட்டு எல்லைக்கு வெளியே முறையாக விற்பனைக்கு வராத இப்படைப்பை ஆடியவர்கள் மிகச் சிலரே. ஆயினும், கலை யாருக்காக என்னும் பழைய கேள்விக்கு இது தரும் விடை, புகழ்பெற்ற ஆட்டங்கள் பல தரும் விடையைவிடக் கூர்மையானது என்பது நம் துணிபு.

இதன் ஆசிரியர் கென்ஜி ஈனோ. 'வார்ப்' என்னும் நிறுவனத்தை நடத்தியவர்; 1995இல் 'டி' என்னும் அச்சமூட்டும் ஆட்டத்தாலும், அடுத்த ஆண்டில் வந்த 'எனிமி ஜீரோ'வாலும் பெயர் பெற்றவர். தம் ஆட்டங்களைப் பார்வையற்றோர் சிலரும் ஆடிவருகின்றனர் என்பதை அவர்கள் எழுதிய கடிதங்களால் அவர் அறிந்தார். அவர்களை நேரிற் கண்டபின், பார்வையுள்ளவரும் அற்றவரும் ஒரே நிலையில் நின்று ஆடக்கூடிய ஒன்றைப் படைக்கத் துணிந்தார். சேகா நிறுவனத்தின் சாட்டர்ன் கருவிக்கே இதனை அளிப்பதென்றும், அதற்கு ஈடாக அந்நிறுவனம் 1,000 கருவிகளைப் பார்வையற்றோருக்கு வழங்க வேண்டுமென்றும் உடன்பாடு கண்டார். அவற்றோடு சேர்த்து வழங்க 1,000 ஆட்டத் தட்டுகளைத் தாம் அளித்தார். ஆட்டத்தோடு பிரெயில் எழுத்தில் விளக்கக் குறிப்பும், ஒரு பொட்டலம் விதைகளும் வைக்கப்பட்டிருந்தன.

கதை ஒரு காதற்கதை. பள்ளிப் பருவத்துச் சிறுவனும் சிறுமியும் ஓடிப்போய்விடுவதென்று உறுதி செய்துகொள்கின்றனர். குறித்த இடத்திற்குச் சிறுமி வரவில்லை. ஆண்டுகள் பல கழிந்தபின் அந்தப் பழைய புண் மீண்டும் திறக்கிறது. எழுதியவர் யூஜி சகமோட்டோ. 1991இல் 'டோக்கியோ லவ் ஸ்டோரி' என்னும் தொலைக்காட்சித் தொடரால் புகழடைந்தவர். 2023இல் 'மான்ஸ்டர்' திரைப்படத்திற்காகக் கான் விழாவில் சிறந்த திரைக்கதைப் பரிசு பெற்றவரும் இவரே. இசை கெய்ச்சி சுசுகியுடையது. நடிகர்களின் குரல்களாலேயே கதை நடக்கிறது. முடிவெடுக்க வேண்டிய கட்டங்களில் ஒரு மணியோசை எழும்; ஆடுபவர் கைக்கருவியில் ஒரு திசையை அழுத்தித் தம் தேர்வைத் தெரிவிப்பார்; கதை அதற்கேற்பக் கிளை பிரியும்.

அப்படியானால் வானொலி நாடகத்திற்கும் இதற்கும் வேற்றுமை யாதென்று வாசகர்கள் கேட்கலாம். 1924 ஜனவரியில் பிபிசி வானொலி ஒலிபரப்பிய ரிச்சர்ட் ஹியூஸின் 'டேஞ்சர்' நாடகத்தை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். விளக்கணைந்த நிலக்கரிச் சுரங்கத்திற்குள் அகப்பட்டோரின் கதை அது. காட்சியில்லாமைக்குக் கதைக்குள்ளேயே ஒரு காரணத்தை வைத்தார் ஹியூஸ். கதைமாந்தரும் இருட்டில், கேட்போரும் இருட்டில். அது நல்ல உத்தி, ஆனால் உத்தியே. 'காற்றின் கழிவிரக்கம்' அத்தகைய சாக்குப்போக்கு எதனையும் நாடவில்லை. சாதாரண மனிதரின் சாதாரணக் காதலை இருட்டுக்கு விளக்கம் கூறாமலே சொல்கிறது. செவியின் உலகம் முழுமையான உலகமே, அதற்குச் சமாதானம் தேவையில்லை என்னும் நிமிர்வு இதில் உள்ளது. மேலும், வாராத ஒருத்திக்காகக் காத்திருப்பதே கதையின் வேர். வராமையைப் படமாகக் காட்டினால் வெற்றிடந்தான் தெரியும். ஓசையாகத் தந்தாலோ கேட்பவரும் உடன் காத்திருக்க வேண்டியதாகிறது. பொருளுக்கும் வடிவுக்கும் இத்தகைய இசைவு எளிதில் வாய்ப்பதன்று.

குறையையும் சொல்லியாக வேண்டும். ஆட்டம் என்ற முறையில் இது மெலிந்தது. மணியோசைக்கும் மணியோசைக்கும் இடையே ஆடுபவர் கேட்பவராகவே இருக்கிறார். இதே ஆசிரியரின் 'எனிமி ஜீரோ'வில் பகைவர் கண்ணுக்குப் புலப்படார். ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே அவர் இருக்கும் திக்கை உணர்ந்து, வேளையறிந்து சுட வேண்டும். அங்கே செவி உழைக்கிறது. தவறினால் உயிர் போகிறது. இங்கே செவி நுகர்கிறது. கடிதம் எழுதியவர்களோ, பிறர் ஆடும் அதே ஆட்டங்களைத் தாமும் முயன்று ஆடியவர்கள். அவர்கள் நாடியது சவால் என்றால், ஈனோ அளித்தது கதை. செவியைப் போர்க்களமாக்கும் வித்தையைக் கைவரப் பெற்றிருந்த ஒருவர், பார்வையற்றோரையும் கருதிப் படைக்கும்போது அவ்வித்தையை ஒதுக்கி வைத்தது ஏமாற்றமே.

ஆயினும், இதனை இரக்கத்தின் படைப்பு என்று ஒதுக்குவாரோடு நாம் உடன்படோம். இரக்கம் மேலிருந்து கீழே நீளும் கை. இங்கே நிகழ்வதோ வேறு. பார்வையுள்ளவருக்கென்று ஒரு சிறப்பும் மிச்சம் வைக்கப்படவில்லை. இருவரும் ஒரே இருளில், ஒரே மணியோசைக்குச் செவி சாய்க்கின்றனர். கொடுத்ததைவிட, தனக்கென்று எடுத்துக்கொள்ளாமல் விட்டதில்தான் இதன் நேர்மை விளங்குகிறது.

பின்னர் வந்தோர் இரு வழிகளில் நடந்தனர். 2010இல் வந்த 'பாப்பா சாங்ரே'யும் 2015இல் பிரான்சிலிருந்து வந்த 'எ பிளைண்ட் லெஜண்ட்' என்பதும் ஒலியையே களமாகக் கொண்டன. 2020இல் வெளியான 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகமோ, காட்சியை நம்பிய பேராட்டமாக இருந்துகொண்டே, அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளால் பார்வையற்றோரும் ஆடி முடிக்க வழிசெய்தது. முன்னது தனி வீடு கட்டுவது. பின்னது பொது வீட்டில் வாயில் திறப்பது. இரண்டும் வேண்டும். ஆனால் வாயில் திறப்பவர் காட்சியின் தலைமையைக் கேள்வி கேட்பதில்லை, ஈனோ கேட்டார்.

1999இல் ட்ரீம்காஸ்ட் கருவிக்கும் இவ்வாட்டம் வந்தது. அக்கருவிகளின் காலம் முடிந்தது. ஈனோவும் 2013 பிப்ரவரியில், தம் 42ஆம் வயதில் மறைந்தார். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களில் நூற்றுக்கு 87 இன்று விற்பனையில் இல்லை என வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நூல் அச்சில் இல்லாமற் போனாலும் நூலகத்தில் ஒரு படி கிடைக்கும். ஆட்டத்திற்கோ தட்டு, கருவி, இரண்டையும் இயக்கத் தெரிந்தவர் என மூன்றும் வேண்டும். அபூர்வப் பொருளென்று தட்டைப் பேழைக்குள் பூட்டி வைப்போர் இதற்கு நன்மை செய்பவரல்லர். யாவரும் சமமாக அமர வேண்டுமென்று விரிக்கப்பட்ட பாய் இது. இதனை மீண்டும் விரிக்க வேண்டும். மொழிபெயர்த்தும் விரிக்க வேண்டும். கதை முழுதும் குரலாகவே இருப்பதால், அந்தக் குரல்கள் எந்த மொழியிலும் பிறக்கலாம்.