கேள்வி ஞானம் எங்கே வளர்கிறது?

சென்னையை அடுத்த முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் நிற்கும் வீடுகளில் பல வேறெங்கோ பிறந்தவை. செட்டிநாட்டிலும் கேரளத்திலும் ஆட்கள் வாழ்ந்த வீடுகளைத் தூண், உத்தரம், நிலை, கதவு என்று பிரித்துக் கொண்டுவந்து மறுபடி பொருத்தியிருக்கிறார்கள். டெபோரா தியாகராஜன் 1984-இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996-இல் திறந்த இடம் அது. வடிவமைப்பில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கை உண்டு. அங்கே நாட்டுப்புறக் கலைஞர்களும் வந்து வாசிக்கிறார்கள், ஆடுகிறார்கள். சென்னையிலிருந்து பிள்ளைகளோடு வருகிற குடும்பம் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, கைதட்டிவிட்டு, மாமல்லபுரத்துக்குக் கிளம்புகிறது.

வீட்டைப் பெயர்த்துக் கொண்டுவர முடியும் என்பதற்கு அந்த வளாகமே சாட்சி. இசையை அப்படிக் கொண்டுவந்து நட்டால் கேட்பவரிடம் ரசனை வேர்விடுமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சொல்ல, ஒருவருக்கு ஒரு இசை எப்படிப் பிடித்துப்போகிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

ரசனை அவரவர் சொந்த விஷயம், பிறவியிலேயே வருவது என்பது நம்மிடையே பரவலான நம்பிக்கை. இனிய சுரச்சேர்க்கை எல்லாக் காதுக்கும் இனிக்கும், கரகரப்பு எல்லாக் காதையும் உறுத்தும் என்பது அதன் அடிப்படை. ஜோஷ் மெக்டெர்மாட்டும் சக ஆய்வாளர்களும் பொலிவியக் காட்டில் வாழும் சிமானே மக்களிடம் இதைச் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். மேற்கத்திய இசை அதிகம் எட்டாத அம்மக்கள், நாம் இனிமை என்பதையும் உறுத்தல் என்பதையும் ஒரே அளவுக்கு இனிமையானதாகவே மதிப்பிட்டார்கள். ஆகவே 'என் காதே அப்படி' என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. காது பழக்கப்படுகிறது.

பழக்கம் என்றால் திரும்பத் திரும்பக் கேட்பது. ஒன்றை அடிக்கடி எதிர்கொண்டாலே அதன்மேல் விருப்பம் கூடுகிறது என்று உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968-இல் வாதிட்டார். நம் இசை மரபு இதை எப்போதோ அறிந்து 'கேள்வி ஞானம்' என்று பெயரும் வைத்திருக்கிறது. ஆனால் இந்த விளக்கத்தையும் முழுதாக நம்ப முடியாதபடி இந்திய வானொலி வரலாற்றில் ஒரு பெரிய சோதனை நடந்திருக்கிறது.

1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரையிசை மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நம்பினார். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல் ஏறக்குறைய மறைந்தது. செவ்வியல் இசை நேரத்தை நிறைத்தது. கேட்டவர்கள் என்ன செய்தார்கள்? முள்ளை நகர்த்தி இலங்கை வானொலியைப் பிடித்தார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பழக்கம் அடுத்த தலைமுறை வரை நீடித்தது. 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்கி அரசே திரைப்பாடலுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. திரும்பத் திரும்பக் கேட்க வைப்பது மட்டுமே போதுமென்றால் கேஸ்கர் வென்றிருக்க வேண்டும்.

அதேசமயம் அவரை வெறும் தோல்வி என்று ஒதுக்குவது நியாயமில்லை. சபாவின் வாசலை ஒருநாளும் மிதித்திருக்க முடியாத எத்தனையோ வீடுகளுக்குள் நாகசுரமும் வாய்ப்பாட்டும் நுழைந்தது வானொலி வழியாகத்தான். வேண்டுமென்று கேட்டவருக்கு அது பெரும் கொடை. வேறொன்றை அடைத்துவிட்டுத் திணிக்கப்பட்டதாக உணர்ந்தவருக்கு அதே இசை அந்நியமாயிற்று. ஒலி ஒன்றுதான், அது வந்து சேர்ந்த விதம் வேறு.

வயதுக்கும் பெரும் பங்கு உண்டு. ஹால்புரூக், ஷிண்ட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1989-இல் அமெரிக்கர்களிடம் நடத்திய ஆய்வில், ஒருவருக்கு ஏறத்தாழ இருபத்துநான்கு வயதில் புகழ்பெற்றிருந்த பாடல்களே அவருக்கு மிகவும் பிடித்தவையாக இருந்தன. 1976-இல் இளையராஜாவின் 'அன்னக்கிளி' வந்தபோதும் 1992-இல் 'ரோஜா' வந்தபோதும் இளைஞர்களாக இருந்தவர்கள் இன்றுவரை நடத்தும் சண்டையில் பாதி, இசையைப் பற்றியதல்ல, தங்கள் இருபதுகளைப் பற்றியது. ஆனால் 'ரோஜா'வுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும் இளையராஜாவில் கரைகிறார்களே! பேருந்திலும் டீக்கடையிலும் அப்பாவின் காசெட்டிலும் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். வயதைவிட வலுவாக இங்கே வேலை செய்வது துணை: யாரோடு கேட்டோம் என்பது.

துணையின் வலிமையைக் காட்டும் ஆய்வு 2006-இல் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் செய்தது. பிரபலமில்லாத குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் 14,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். மற்றவர்கள் எதைத் தரவிறக்கினார்கள் என்பதைச் சிலருக்குக் காட்டினார்கள், சிலருக்கு மறைத்தார்கள். காட்டிய இடத்தில், ஏற்கெனவே ஏறியது மேலும் ஏறியது. எது ஏறும் என்பதும் கேட்டவர்களின் குழுவுக்குக் குழு மாறியது. மிகச் சிறந்தவை பெரும்பாலும் தாழ்ந்துபோகவில்லை, மிக மோசமானவை பெரும்பாலும் மேலே வரவில்லை. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்றிருந்தது. தரத்துக்கு இடமே இல்லை என்று வாதிடுபவர்களுக்கும் இது பதில்தான்.

தமிழ்நாட்டில் துணை என்பதற்குள் சாதி ஒளிந்திருக்கிறது. பறையொலி கேட்டால் பிள்ளையை வீட்டுக்குள் அழைத்துக்கொண்ட தெருக்கள் எத்தனை! சாவோடும் தீண்டாமையோடும் சேர்த்தே அந்த ஒலியைப் பழகிய காதுக்கு அதன் தாளக்கட்டு கேட்கவே வாய்ப்பிருந்ததில்லை. 'எனக்குப் பறை பிடிக்காது' என்று ஒருவர் சொன்னால் அதைத் தனிமனித ரசனை என்று மரியாதையோடு விட்டுவிட என்னால் முடியாது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையை மேடையேற்றியதும், பறைக் கலைஞர் மதுரை வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதும் அந்தப் பழைய பழக்கத்தோடு மோதி வென்றவை.

தட்சிணசித்ரா போன்ற இடத்தின் உண்மையான பெறுமதி இங்கேதான் இருக்கிறது. ஊர்த் தெருவின் அச்சங்கள் இல்லாத ஒரு முற்றத்தில், பக்கத்தில் நின்று, கலைஞரின் முகத்தைப் பார்த்தபடி ஒரு நகரத்துப் பிள்ளை தன் முதல் கேட்பைப் பெறுகிறது. முதல் கேட்பு அவமதிப்போடு கலக்காமல் இருப்பது சிறிய விஷயமில்லை.

அதற்குமேல் தட்சிணசித்ராவுக்குப் பெருமை கொடுக்க எனக்கு மனமில்லை. தெருக்கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும். அது விடிய விடிய நடப்பது. கட்டியங்காரன் பேச்சுக்குச் சிரித்து, பாயில் தூங்கிப்போய், முகவீணையின் உச்சத்தில் விழித்து, மறுபடி தூங்கிய பிள்ளைகள்தான் அதன் அடுத்த தலைமுறை ரசிகர்கள். திருவிழாவின் கடைசியில் துரியோதனன் படுகளமும் தீமிதியும். அந்தப் பிள்ளைக்குக் கூத்துப் பாட்டு பாட்டியின் மடி, நேர்த்திக்கடன், ஊர்ச்சண்டை எல்லாவற்றோடும் சேர்ந்து ஏறியது. அரை மணி நேரத்துக்குச் சுருக்கிய கூத்தில் அடவும் உடுப்பும் வந்துசேரலாம், அந்த இரவு வராது. பெயர்த்துவந்த வீட்டில் யாரும் குடியில்லை என்பதைப் பார்ப்பவர் எல்லோரும் அறிவார்கள். பெயர்த்துவந்த இசையிலும் அப்படித்தான் என்பது கைதட்டலில் மறைந்துபோகிறது.

2015-இல் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் குப்பத்து மக்களோடு சேர்ந்து தொடங்கிய விழாவைத் தட்சிணசித்ராவோடு ஒப்பிட்டால் அது ஒரு படி முன்னே நிற்கிறது. அங்கே இடம்பெயர்ந்தவர் கேட்பவர். சபாக்காரரும் மீனவரும் ஒரே மணலில் உட்கார்ந்தார்கள். சபாவின் பிரிவினையை அது கேள்வி கேட்டது. ஆனாலும் ஆண்டுக்கொரு விழா. ஒரு மாலையில் மனம் மாறலாம், காது மாறாது.

என் தீர்ப்பு இது. முட்டுக்காட்டு முற்றம் ஓர் இசையை அறிமுகப்படுத்தும், அதன் மேலிருந்த கறையைத் துடைக்கும். அதை இசைப் பாதுகாப்பு என்று சொல்வது மிகை. விருப்பம் பிறக்க அதே கலைஞர்களை, அதே நண்பர்களோடு, மறுபடி மறுபடி கேட்க வேண்டும். பிள்ளைகளை ஒரே ஒரு சுற்றுலாவாக அழைத்துவரும் பள்ளிகள், ஒரே வகுப்பை ஒரே குழுவிடம் பருவத்துக்கொரு முறை கொண்டுவரட்டும். சித்திரை, வைகாசியில் பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் ஒன்றுக்கு அந்த வகுப்பைப் பெற்றோரோடு அனுப்பி, விடியும்வரை உட்கார வைக்கட்டும். செலவு பெரிதல்ல. தூக்கம் கெடும், அவ்வளவுதான்.