பாலத்தடிக் கிராமம்: காஃப்காவின் ‘கோட்டை’யை வளைகுடாவிலிருந்து வாசித்தல்

எமது நண்பர் ஒருவரின் மகன், சார்ஜாவில் பிறந்து வளர்ந்தவன், கணினி விளையாட்டொன்றில் கிராமம் கட்டிக்கொண்டிருந்தான். மேட்டிலே பிரபுவின் மாளிகை. கீழே ஆறு. ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாலம், பாலத்தின் வாயிலில் சுங்கக் குடில், அப்பால் குடியானவர்களின் கூரை வீடுகள். “பாலத்தால போறவை எல்லாரும் காசு கட்டவேணும் மாமா, காசு மாளிகைக்குப் போகும்” என்று எமக்கு விளக்கினான். குடியானவர்கள் இந்தப் பிரபு வேண்டாம் என்று வேறு ஊருக்குப் போக விரும்பினால் என்ன செய்வது என்று கேட்டோம். அதற்கு அந்த விளையாட்டில் ஒரு வழியும் இல்லையாம்.

நாம் அன்று அங்கே கூடியிருந்தது பிரான்ஸ் காஃப்காவின் ‘கோட்டை’ நாவலைப் பற்றிப் பேசுவதற்காக. எம்மில் இருவர் பர்துபாய்ப் பக்கமிருந்து மக்தூம் பாலத்தால் வந்திருந்தனர். டுபாய்க் கடற்கழியின்மேல் கட்டப்பட்ட முதற் பாலம் அது, 1963இல் திறக்கப்பட்டது. ஆரம்ப காலத்தில் அதற்குச் சுங்கம் இருந்தது, பின்னர் எடுக்கப்பட்டது. 2007 யூலையில் கர்ஹூத் பாலத்தில் மின்னணுச் சுங்கவாயில் வந்தது. அடுத்த ஆண்டு மக்தூம் பாலத்துக்கும் வந்தது. அதன் பெயர் ‘சாலிக்’. அரபியில் தடையின்றித் திறந்திருப்பது என்று பொருள். ஒரு தடவை கடக்க 4 திர்ஹம். 2025 ஜனவரி இறுதியிலிருந்து நெரிசல் நேரத்தில் 6. காசைக் கையில் வாங்க அங்கே எவருமில்லை. மேலே ஒரு வளைவு, கண்ணாடியில் ஒட்டிய சிறு துண்டு, அவ்வளவுதான். கீழே அப்ராப் படகில் கடப்பவர்கள் அதைக் கண்டுகொள்வதுமில்லை.

‘கோட்டை’யும் ஒரு பாலத்திலேயே தொடங்குகிறது. பனிகாலத்து இரவொன்றில் கே. என்ற அந்நியன், பெருந்தெருவிலிருந்து கிராமத்துக்குள் செல்லும் மரப்பாலத்தில் நின்று மேலே பார்க்கிறான். மேட்டில் கோட்டை இருக்கவேண்டும். மூடுபனியில் எதுவும் தெரியவில்லை. பாலத்தடிச் சத்திரத்தில் வைக்கோல் மெத்தையொன்றில் படுத்துறங்கும் அவனை ஓர் இளைஞன் தட்டி எழுப்புகிறான். இந்தக் கிராமம் கோட்டையின் சொத்து, இங்கே தங்குகிறவன் கோட்டையிலேயே தங்குகிறவனாகிறான், பிரபுவின் அனுமதியின்றி அது ஆகாது என்கிறான். நாவலில் நாட்டுக்குப் பெயரில்லை, காலத்துக்கு ஆண்டில்லை. தொலைபேசி இருக்கிறது, அதனோடு பிரபுவும் இருக்கிறார். கற்பனை உலகொன்றின் பிரபுத்துவக் கிராமம்தான். சுங்கக் குடில் மட்டும் இல்லை. பாலத்தைக் கடப்பதற்கு எவரும் காசு கேட்பதில்லை; கடந்த பின்னரே கேட்கத் தொடங்குகிறார்கள்.

தமிழில் காஃப்கா எமக்கு வந்து சேர்ந்த வழி வேறு. சிறுபத்திரிகைகளின் ஊடாக, அந்நியமாதல், இருத்தலியல், அபத்தம் ஆகிய சொற்களின் துணையோடு அவர் வந்தார். ஏ. வி. தனுஷ்கோடி ஜேர்மனிலிருந்து நேரடியாகத் தமிழாக்கிய ‘விசாரணை’யையும் நாம் அந்தக் கண்ணாடியால்தான் படித்தோம். ‘கோட்டை’ என்றால் மனிதனுக்கு எட்டாத கடவுளின் அருள் என்ற விளக்கம் காஃப்காவின் நண்பர் மாக்ஸ் பிரோட்டிடமிருந்து வந்தது. 1926இல், காஃப்கா இறந்து இரண்டாண்டுகளின் பின், நாவலைப் பதிப்பித்தவர் அவரே. நல்ல நண்பர், ஆயினும் எம்மைப் பொறுத்தவரை அவர் எமக்குத் தந்தது தவறான திறப்பு.

இங்கே டேராவில், ஓர் அறையில் ஆறு கட்டில் போட்டு வாழ்ந்தவர்களுக்கு அந்த நாவலில் கடவுள் தென்படுவதில்லை. கே. தன்னை நில அளவையாளன் என்கிறான். கோட்டையே தன்னை வேலைக்கு அழைத்ததென்கிறான். முதல் தொலைபேசி அப்படி எவரையும் அழைக்கவில்லை என்கிறது. மறுகணம் இன்னொரு தொலைபேசி அழைத்தோம் என்கிறது. பிறகு கிளாம் என்ற அதிகாரியின் கடிதம் வருகிறது: அவன் பிரபுவின் சேவையில் சேர்க்கப்பட்டுவிட்டானாம், மேலதிகாரி ஊர்த் தலைவராம். ஊர்த் தலைவரிடம் போனால் (எம்மவர் இவரை ‘விதானையார்’ என்று சொல்லியிருப்பார்கள்) எமக்கு அளவையாளர் எவரும் தேவையில்லை, எங்கோ ஒரு கோப்பு இடம்மாறியதால் வந்த வினை இது என்று கட்டிலில் படுத்தபடி விளக்குகிறார். அலுமாரியைத் திறந்ததும் காகிதக் கட்டுகள் சரிந்து விழுகின்றன. அவருடைய மனைவி முழந்தாளிட்டுத் தேடுகிறாள். முடிவில் கே.க்குக் கிடைப்பது பள்ளிக்கூடத்துப் பியோன் வேலை. சம்பளம் இப்போதைக்கு இல்லை. படுப்பதற்கு வகுப்பறை.

எலெக்ட்ரீசியன் என்று கொழும்பில் கையெழுத்திட்டு வந்து கட்டடத்தில் சீமெந்து சுமந்தவர் எம்மோடு இருந்து இந்தப் பக்கங்களைக் கேட்டார். “இதில கதை எங்க இருக்கு?” என்றார். அதைவிடச் சிறந்த விமர்சனம் எதையும் நாம் வாசித்ததில்லை.

விமர்சகர்கள் நெடுங்காலம் குழம்பிய ஓரிடம் உண்டு. தொடக்கத்தில் கே. தான் மனைவியையும் பிள்ளையையும் விட்டு வெகுதூரம் வந்தவன் என்றும் ஊருக்கு ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்றும் சொல்கிறான். பின்னர் அவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை; பிரீடா என்ற மதுச்சாலைப் பெண்ணை மணக்கப் போகிறேன் என்கிறான். ஆசிரியரின் மறதி என்றார்கள் சிலர், கே. பொய்யன் என்றார்கள் வேறு சிலர். எமது அறையில் இதற்காக எவரும் குழம்பவில்லை. ஊர்த் தலைவரிடம் தன்னைத் திருப்பி அனுப்பமுடியாத காரணங்களைக் கே. அடுக்குகிறான்: வீட்டைவிட்டு வெளிக்கிடச் செய்த தியாகங்கள், நீண்ட பயணம், வைத்திருந்த நம்பிக்கை, கையில் ஒன்றுமில்லாமை, திரும்பிப் போனால் ஊரில் ஏற்ற வேலை கிடையாமை. ஏஜென்சிக்காரனுக்குக் கட்டிய கடன் மட்டுமே அதில் விடுபட்டிருக்கிறது.

காஃப்கா இவற்றை எங்கிருந்து அறிந்தார் என்பதில் மர்மமில்லை. 1908 முதல் 1922 வரை பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் உத்தியோகம் பார்த்தவர். மரம் சீவும் இயந்திரங்கள் எப்படி விரல்களை எடுக்கின்றன என்று, சிதைந்த கைகளின் படங்களோடு அறிக்கை எழுதியவர். ‘கோட்டை’யை எழுதியதும் ஓய்வுபெற்ற அதே 1922இல்தான். விண்ணப்பம் எந்த மேசையில் தூங்கும் என்பதை மேசைக்கு உள்ளே இருந்து கண்டவர் அவர்.

இந்த வாசிப்பை எம்மில் ஒருவர் ஏற்கவில்லை. பிரபு வெஸ்ட்வெஸ்ட் நாவலில் ஒருதடவையேனும் தோன்றுவதில்லை. எமது கஃபீலோ கண்ணுக்குத் தெரிபவர், தேநீரும் தருபவர். அத்தோடு சட்டங்களும் மாறிவிட்டன என்றார். ஐக்கிய அரபு இராச்சியத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம், 2022 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, தொழிலாளியின் ஆவணங்களை முதலாளி பிடித்துவைப்பதைத் தடைசெய்கிறது. கட்டாரில் 2020இல் பழைய முதலாளியின் ஒப்புதலின்றி வேலைமாறும் உரிமை வந்தது. இவை பெறுமதியானவை. நாவலைச் சட்டப்புத்தகமாகச் சுருக்கக்கூடாது என்ற அவரின் எச்சரிக்கையையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கஃபீல் என்ற சொல்லின் பொருள் பிணை நிற்பவன் என்பது. ஒருவன் ஓரிடத்தில் இருப்பதற்கு இன்னொருவன் பிணை. இதைக் கற்றுக்கொள்ள எமக்கு அரபு நாடு தேவைப்படவில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற இயக்கத்திடம் பாஸ் எடுத்தவர்களுக்கும், வவுனியாவில் இராணுவத்தின் பாஸுக்காக வரிசையில் நின்றவர்களுக்கும் பிணை என்றால் என்னவென்று தெரியும். கிளாலிக் கடலேரியை இரவில் படகால் கடந்த தலைமுறை எமது. பாலமே இல்லாத இடத்திலும் கடவைக்கு ஒரு விலை இருந்தது.

இவ்வளவோடு நின்றிருந்தால் ‘கோட்டை’ எமக்கு இதமான நூலாக இருந்திருக்கும். மேலே இருப்பவன் கெட்டவன், கீழே இருக்கும் நாம் பாவம். அதைக் கெடுப்பது அமாலியாவின் கதை. நாவலின் நடுப்பகுதியில் அவளுடைய அக்கா ஒல்கா இரவு முழுவதும் இருந்து அதைச் சொல்கிறாள்; எமது கணிப்பில் நாவலின் மிக வலுவான பக்கங்கள் அவையே.

கோட்டை கிராமத்துக்கு ஒரு தீயணைப்பு இயந்திரம் கொடுக்கிறது, விழா நடக்கிறது. அங்கே சோர்த்தீனி என்ற அதிகாரி அமாலியாவைக் காண்கிறான். மறுநாள் காலையில் தன்னிடம் வரும்படி அருவருப்பான வார்த்தைகளில் கடிதம் அனுப்புகிறான். அவள் அதைக் கிழித்துக் கொண்டுவந்தவனின் முகத்தில் எறிகிறாள். அவ்வளவுதான் நடந்தது. கோட்டை எந்தத் தண்டனையும் விதிக்கவில்லை. தண்டித்தது கிராமம். சப்பாத்துத் தைக்கும் தந்தையிடம் கொடுத்த வேலைகளை வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வந்து திருப்பி எடுத்தார்கள். தீயணைப்புப் படையிலிருந்து அவரை நீக்கினார்கள். அவர் மன்னிப்புக் கேட்டு அதிகாரிகளிடம் ஓடுகிறார். எதற்கு மன்னிப்பு, உன்மீது முறைப்பாடே இல்லையே என்கிறார்கள். கடைசியில் அதிகாரிகளின் வண்டி போகும் தெருவோரத்தில் நாள்முழுதும் குந்தியிருக்கிறார். அந்த ஊரவர்கள் குரூரமானவர்களல்லர் என்று ஒல்கா சொல்கிறாள். அவர்கள் பயந்து ஒதுங்கினார்கள். அந்தக் குடும்பம் ஒருநாள் வெளியே வந்து எல்லாம் முடிந்துவிட்டது என்று சும்மா சொல்லியிருந்தாலே மகிழ்ச்சியோடு சேர்த்திருப்பார்கள். குடும்பம் வீட்டுக்குள்ளே இருந்தது. எனவே ஊரும் வெளியே இருந்தது.

யாழ்ப்பாணத்து வாசகருக்கு இது எந்தக் கற்பனை உலகமுமல்ல. கட்டாடியையும் பரியாரியையும் மறித்து ஒரு வீட்டை ஊரிலிருந்து வெட்டிவிடும் வழக்கத்தை எமது பாட்டன்மார் எந்த அரசனின் கட்டளைக்கும் காத்திராமல் நடத்தினார்கள். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலை மறித்து நின்றவர்களும் ஊரவர்களே. கே. டானியல் ‘பஞ்சமர்’ எழுதியபோது அதில் கலையில்லை, பிரச்சாரமே உண்டு என்று சொன்ன எமது விமர்சகர்கள், காஃப்காவின் ஊர்விலக்கை மட்டும் தத்துவம் என்று எப்படிப் படித்தார்கள் என்பது யோசிக்கவேண்டியது.

இங்கே எம்மைப் பற்றியும் எழுதவேண்டியிருக்கிறது. பல வருடங்களுக்கு முன்னர் எமது அறையில் இருந்த ஒருவர், ஐந்து மாதச் சம்பளம் கிடைக்காமல், தான் வேலைசெய்த கம்பனிக்கு எதிராகத் தொழில் அமைச்சில் முறைப்பாடு செய்தார். அறையில் அப்படிச் செய்த முதல் ஆள் அவர். எமது ஊர்ப்பக்கத்தவர், எமக்கு மூத்தவர். அண்ணை என்றே கூப்பிடுவோம். கம்பனி அவர்மேல் ‘அப்ஸ்கொண்டிங்’ போடும், ஒளித்துவைத்தவர்களுக்கும் தண்டம் வரும் என்று அறைக்குள் ஒரு கதை பரவியது. சட்டத்தில் அப்படித் தண்டம் உண்டுதான். ஆனால் அவர்மேல் அதுவரை எவரும் எதையும் போடவில்லை. எமது கதவை எவரும் தட்டவுமில்லை. முதலில் சமையல் முறையிலிருந்து அவரை விட்டோம், செலவு குறையட்டும் என்று சொல்லி. பிறகு அவர் வந்தால் பேச்சு நின்றது. ஒருநாள் எம்மில் ஒருவர், “அண்ணை, உங்கட பிரச்சினை முடியும் மட்டும் கொஞ்ச நாளைக்கு வேற எங்கயாவது நிண்டால் என்ன?” என்று கேட்டார். மற்றவர்கள் ரெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றிரவே அவர் பெட்டியைக் கட்டினார். மூன்று மாதத்தில் வழக்கு முடிந்தது, சம்பளத்தில் பெரும்பகுதி கிடைத்தது என்று பின்னர் அறிந்தோம். அறைக்கு அவர் திரும்பி வரவில்லை. நாமும் கூப்பிடவில்லை. அவருடைய கட்டில் ஒரு கிழமைக்குள் வேறொருவருக்குப் போய்விட்டது.

ஒல்காவின் கதையை வாசித்த அன்று இதைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. தேநீர் ஆறிப்போயிற்று. கட்டுரையாக எழுதலாம் என்று தீர்மானித்தபோதுதான் ஒருவர் சொன்னார், எழுதினால் அண்ணையின் கதையையும் எழுதவேண்டும், இல்லாவிட்டால் காஃப்காவை விட்டுவிடுவோம் என்று.

நாவலிலும் குறைகள் உள. செயலாளர்களின் நீண்ட பேச்சுகள் பல இடங்களில் அலுப்பூட்டுகின்றன. பெண்கள் அநேகமாக ஆண்களின் வழியாகவே கோட்டையோடு தொடர்புறுகிறார்கள். அமாலியா ஒருத்தியே விலக்கு, அவளையும் ஆசிரியர் பேசவிடுவது குறைவு. கே.யை நாம் எமது ஆளாகக் கொண்டாடவும் முடியாது. அவன் கிராமத்தவரை மதிப்பதில்லை. பிரீடாவைக் கிளாமுக்குப் போகும் பாதையாகப் பார்க்கிறான். கோட்டையின் ஆட்சி நீங்கவேண்டும் என்று அவன் ஓரிடத்திலும் நினைப்பதில்லை. அதன் ஏட்டில் தன் பெயர் ஒழுங்காகப் பதியப்படவேண்டும் என்பதே அவனுடைய தேவை. அதற்காக அவனைக் குறைசொல்லும் யோக்கியதை விசாப் புதுப்பிக்கும் மாதத்தில் எமக்கு இருப்பதில்லை.

நாவல் ஒரு வாக்கியத்தின் நடுவே அறுந்துபோகிறது. முடிவைக் காஃப்கா தம்மிடம் வாயால் சொன்னதாகப் பிரோட் எழுதியிருக்கிறார். கே. களைத்து மரணப்படுக்கையில் கிடக்கிறான், ஊரவர்கள் சுற்றி நிற்கிறார்கள். அப்போது கோட்டையிலிருந்து முடிவு வருகிறது: கிராமத்தில் வாழ அவனுக்குச் சட்டப்படி உரிமை இல்லை, எனினும் சில துணைக் காரணங்களை முன்னிட்டு, அங்கே வாழ்ந்து வேலைசெய்ய அவன் அனுமதிக்கப்படுகிறான்.

எலெக்ட்ரீசியனாக வந்தவர் இதைக் கேட்டுவிட்டு, எத்தனை வருடத்துக்கு என்று அதில் போட்டிருக்கிறதா என விசாரித்தார்.